டேப்பை எடுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும், கவுண்டரில் நின்று விற்கும் தம்பி தங்கைகளுக்கும், கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வண்டி பூட்டும் மெக்கானிக் அண்ணன்களுக்கும்,



உங்கள் கடைக்கு இப்போதெல்லாம் ஒரு புது வகை ஆள் வருகிறார். கடைத்தெருவுக்குப் போய்வரவோ பள்ளிக்கூடம் போகவோ அவருக்குச் சைக்கிள் வேண்டாம். கேரியரின் இரண்டு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கும், அங்கிருந்து தரங்கம்பாடிக்கும், முடிந்தால் கன்னியாகுமரி வரைக்கும் போக ஆசைப்படுகிறார். மாதக்கணக்கில் சேர்த்த பணத்தோடு வருகிறார். “இதுல லாங் போகலாமா?” என்று கேட்கிறார். “தாராளமா போகலாம் சார்” என்கிறீர்கள். எத்தனை கியர், என்ன பிரேக், டயர் எவ்வளவு அகலம் என்று பொறுமையாக விளக்குகிறீர்கள். அவருடைய கால் எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டு வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் பயணச் சைக்கிள் ஓட்டுகிறவன். விடுமுறை நாள் விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஓட்ட வருகிறவர்களோடு சேர்ந்து போவது வழக்கம். கோவளம் தாண்டுவதற்குள் கையை உதற ஆரம்பிக்கிறவர்களைப் பார்க்கிறேன். மாமல்லபுரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் பாதியில் வேன் பிடித்து ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இறங்கி நிற்கச் சொல்லி வண்டியைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடுகிறது: ஃபிரேம் அவர்களுக்கானது இல்லை.

ஐந்தடி உயரமுள்ள ஓர் ஆசிரியை. ஒரு கடையில் அவருக்கு ‘எம்’ அளவு ஃபிரேமைக் கொடுத்திருந்தார்கள். “சீட்டை முழுசா இறக்கிடலாம் மேடம், நாலு நாள்ல பழகிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சீட்டு அடிவரை இறங்கியிருந்தது. முன்னாலும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியிருந்தது. அப்படியும் ஹேண்டில்பார் எட்டவில்லை. வெறும் வண்டியை எப்படியோ சமாளித்துவிட்டார். பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நாளில் ஒரு சிக்னலில் காலை ஊன்ற, மேல்பார் இடித்து, எடை ஒரு பக்கம் சாய்ந்து நடுரோட்டில் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் வாங்கிய விலையில் பாதிக்கு வண்டியை விற்றுவிட்டு, “எனக்கு லாங் எல்லாம் ஒத்துவராதுங்க” என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒத்துவராதது அந்த ஃபிரேம்தான் என்று அவரிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. இது எனக்குத் தாங்கவில்லை. ஓடும் ஆசையுள்ள ஒருவரைத் தன் உடம்பையே சந்தேகப்பட வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

‘பழகிடும்’ என்ற சொல்லை நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும். நாமெல்லாம் அளவில்லாத சைக்கிளில்தான் ஓட்டக் கற்றோம். அப்பாவின் வண்டியை எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப்பெடல் போட்டோம். கொஞ்சம் வளர்ந்ததும் பாருக்கு மேலே ஏறி இடுப்பை இப்படியும் அப்படியும் ஒடித்து ஓட்டினோம். வீட்டுக்கு ஒரு வண்டி இருந்த காலம் அது. தாத்தாவும் மாமாவும் எட்டாம் வகுப்புப் பையனும் அதே வண்டியில்தான் போயாக வேண்டும். ஆகவே வண்டிக்கு உடம்பு பழகியது. மில்லுக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் நாலைந்து கிலோமீட்டர். அதற்கு அந்தப் பழக்கம் போதும்.

பயணத்துக்கு அது போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்கிற ஒருவர் ஆறு மணி நேரம் ஓட்டினால், ஒவ்வொரு முழங்காலும் ஒரே நாளில் 27,000 முறை மடங்கி விரிகிறது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. தெருமுனைக்குப் போய்வரும்போது தெரியாத இரண்டு சென்டிமீட்டர் பிழை, இத்தனை ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வரும்போது வீக்கமாகிறது. சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு பக்கவாட்டில் ஆடும். தொடை இடுக்கு உராய்ந்து புண்ணாகும். முழங்காலின் பின்பக்க நரம்பு இழுக்கும். ஹேண்டில்பார் தூரமாக இருந்தால் உடம்பின் எடை உள்ளங்கையில் இறங்குகிறது. சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. சிலருக்கு ஊருக்குத் திரும்பி வாரக்கணக்கில் ஆனாலும் சட்டைப் பித்தான் போட விரல் ஒத்துழைப்பதில்லை. இதெல்லாம் நாலு நாளில் பழகுகிற சங்கதி இல்லை. நாளாக ஆக முற்றுகிற சங்கதி.

மற்ற எதைத் தவறாகக் கொடுத்தாலும் பின்னால் மாற்றிவிடலாம். டயர் ஒல்லியாக இருந்தால் தடிமனானது போடலாம். கியர் போதாமல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கினால் பின்சக்கரத்துக்குப் பெரிய கேசட் போடலாம். சீட்டு உறுத்தினால் வேறு சீட்டு. ஃபிரேமை என்ன செய்வது? வாங்கிய அன்று எந்த அளவோ அதுதான் அந்த வண்டியின் ஆயுள் முழுக்க. ஒரு சைக்கிளில் வாடிக்கையாளர் பின்னால் திருத்தவே முடியாத ஒரே பொருளை, நீங்கள் ஐந்து நிமிடத்தில், கடையில் எது நிற்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறீர்கள். செருப்புக் கடையில் ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பரைக் கொடுத்து வாரை இறுக்கிக்கொள்ளச் சொன்னால் யாராவது வாங்குவார்களா?

அளவு பார்க்காமல் விற்கும் இந்த வழக்கம் உங்கள் தொழிலில் முன்பு இருந்ததில்லை. பெரிய முன்சக்கரமும் குட்டிப் பின்சக்கரமும் கொண்ட அந்தக் காலத்து உயர்சக்கர வண்டிகளில், பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சில் இருக்கும். கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய சக்கரம்தான் ஓட்ட முடியும். அதனால் அளவு பார்க்காமல் விற்கவே வழியில்லை. 1884இல் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் உலகச் சுற்றுப் பயணத்தை முடித்த தாமஸ் ஸ்டீவன்ஸ் ஓட்டியது 50 அங்குலச் சக்கரம் கொண்ட கொலம்பியா வண்டி. லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுச் சாலையிலும் அவர் அதில்தான் வந்தார். சைக்கிளில் நெடும்பயணம் என்பது தொடங்கியதே காலின் நீளத்துக்கு ஏற்ற வண்டியோடுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் அப்பாக்கள் கல்லாவில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கறுப்பு வண்டிகளில் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று ஃபிரேம் அளவு தனித்தனியாக வந்தது. ஆள் உள்ளே நுழையும்போதே உயரத்தைக் கண்ணால் அளந்து, “உங்களுக்கு இருபத்திரண்டு போதும்” என்று சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள். அந்த எண் ஃபிரேமின் எண். சீட்டுக் குழாயின் நீளம். மலைச் சைக்கிள்கள் வந்தபிறகு எண் மாறிவிட்டது. இப்போது வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் 26, 27.5, 29 எல்லாம் சக்கரத்தின் அளவு. வாங்க வருகிறவர் அதையே வண்டியின் அளவு என்று நினைத்துக்கொள்கிறார். “நான் உயரம், எனக்கு 29 குடுங்க” என்கிறார். நீங்களும் திருத்துவதில்லை. 29 அங்குலச் சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் உண்டு, பெரிய ஃபிரேமும் உண்டு என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் சொன்னால் அவருடைய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தயவுசெய்து அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

அடுத்தது எஸ், எம், எல். இந்த மூன்றெழுத்தை நம்பி நீங்கள் விற்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. முன்பெல்லாம் பந்தயச் சைக்கிள்கள் இரண்டிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், 50, 52, 54, 56 என்று அளவு வாரியாக வந்தன. 1990களில் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஜயன்ட் நிறுவனத்துக்காக மேல்பார் பின்பக்கம் சரிந்த டிசிஆர் ஃபிரேமைக் கொண்டுவந்தார். சீட்டுக் கம்பியை ஏற்றி இறக்கியும், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றியும் ஒரே ஃபிரேமில் பலரை உட்காரவைக்கலாம் என்ற வசதி அதோடு வந்தது. தயாரிப்பவருக்கும் கிடங்கு வைத்திருப்பவருக்கும் அது பெரிய லாபம். ஆனால் அந்த முறை நேர்மையாக வேலை செய்ய வேண்டுமென்றால், விற்கிறவர் ஸ்டெம்மை உண்மையிலேயே மாற்றித் தர வேண்டும். நாம் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்றித் தரும் வேலையை விட்டுவிட்டோம்.

ஒரு கம்பெனியின் ‘எம்’ இன்னொரு கம்பெனியின் ‘எம்’ இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சரிந்த பார் கொண்ட வண்டியில் சீட்டுக் குழாயின் நீளம் பெரிதாக எதையும் சொல்வதுமில்லை. அமெரிக்காவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டே உலகத்துக்கே சைக்கிள் நுட்பம் கற்றுக்கொடுத்த ஷெல்டன் பிரவுன், சீட்டுக் குழாயைவிட மேல்பாரின் நீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதினார். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். உடம்பு முன்னால் எவ்வளவு நீள வேண்டும் என்பதை மேல்பார்தானே தீர்மானிக்கிறது. அவருடைய பேச்சு ஒரு கடைக்காரரின் பேச்சு. அதனால்தான் உங்களிடம் அவரைச் சொல்கிறேன்.

இன்று அதைவிடத் தெளிவான இரண்டு எண்கள் இருக்கின்றன: ஸ்டாக், ரீச். பெடல் அச்சின் நடுவிலிருந்து ஃபிரேமின் தலைக்குழாய் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். பார் சரிந்திருந்தாலும் நேராக இருந்தாலும், எஸ் என்றாலும் எம் என்றாலும், இந்த இரண்டும் பொய் சொல்லாது. ஒரே ‘எம்’ ஒட்டிய இரண்டு வண்டிகளில் ஒன்றின் ரீச் 375 மில்லிமீட்டரும் இன்னொன்றுடையது 395ம் இருக்கக்கூடும். இருபது மில்லிமீட்டர் என்பது இரண்டு ஸ்டெம் அளவு வித்தியாசம். கம்பெனிகள் தரும் விவரத்தாளில் இது அச்சாகியே வருகிறது. விலைச்சீட்டில் தள்ளுபடி எவ்வளவு என்று எழுதுகிற இடத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுதித் தொங்கவிடுங்கள் என்று கேட்கிறேன்.

இப்போது அளவெடுப்பதற்கு வருகிறேன். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். சுவர் ஒன்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்று, தையல்காரரின் டேப் ஒன்று. வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். பாதங்களுக்கு நடுவில் சுமார் ஒரு சாண் இடைவெளி. புத்தகத்தின் முதுகு மேல்பக்கம் பார்க்கும்படி இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் உள்கால் நீளம். தைத்த பேன்ட்டின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். பேன்ட் தொடங்கும் இடம் வேறு, உடம்பு சீட்டில் படும் இடம் வேறு. பல சென்டிமீட்டர் தவறும்.

பெண்கள் வந்தால் அவர்களைக் கடை நடுவில் நிறுத்தி அளக்காதீர்கள். ஓர் ஓரத்தில் திரை போட்டு ஒரு மூலை ஒதுக்குங்கள்; டேப்பையும் புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுத்து, எப்படி அளப்பது என்று ஒரு படத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள். கூட வந்த அக்காவோ தோழியோ அளந்துவிடுவார். கடையில் ஒரு பெண் ஊழியர் இருந்தால் இன்னும் நல்லது. அளவு கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்று சில கடைக்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. அதன் விலையை அந்தப் பெண்ணின் முதுகும் முழங்காலும் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

அந்த ஒரு எண் கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸை வென்ற முதல் அமெரிக்கரான கிரெக் லெமாண்டின் வழியாகப் பரவிய கணக்கு இது. 0.65ஆல் பெருக்கினால், நேர்பார் கொண்ட பழைய பாணி ஃபிரேமின் சீட்டுக் குழாய் சுமாராகக் கிடைக்கும். உள்கால் 77 சென்டிமீட்டர் உள்ளவருக்குச் சீட்டு உயரம் 68, ஃபிரேம் 50. இது தொடக்கம்தான், பெடலில் பாதம் படும் விதம், ஷூவின் தடிமன் பார்த்து ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. உயரத்தை மட்டும் கேட்டு அட்டவணையைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு உள்கால் 82ம் இன்னொருவருக்கு 77ம் இருப்பது சாதாரணம். சீட்டு உயரத்திலேயே நாலு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். கால் நீண்டவருக்கு உடல் குட்டை. அவருக்கு உயரமும் வேண்டும், ஹேண்டில்பார் கிட்டேயும் வேண்டும். மற்றவருக்கு நேர் எதிர். அட்டவணை இருவருக்கும் ஒரே வண்டியைக் காட்டும்.

பிறகு வண்டியின் மேல் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்திருக்க, மேல்பாருக்கும் உடம்புக்கும் நடுவில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பந்தயம் ஓட்டுகிறவர் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பயணக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது. பின்கேரியரில் பதினைந்து கிலோ இருக்கும்; மணல் ஓரத்தில் லாரி ஒதுக்கிவிட, அவர் திடீரென்று இறங்கும்போது வண்டி சாயும்; அப்போது காப்பாற்றுவது அந்த இடைவெளிதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. சரிந்த பார் வண்டியில் யார் நின்றாலும் இடைவெளி தாராளமாகத்தான் தெரியும். “பாருங்க, எவ்வளவு இடம் இருக்கு, உங்களுக்குக் கரெக்ட் சைஸ்” என்று அதை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள்.

இரண்டு அளவுக்கு நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? பந்தயக்காரர்களுக்குச் சின்னதைக் கொடுக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அவர்களுக்குக் குனிந்து காற்றைக் கிழிக்க வேண்டும். பயணக்காரருக்குச் சாலையும் வயலும் கோபுரமும் தெரிய வேண்டும். ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்க வேண்டும். ரிவென்டெல் சைக்கிள்களைச் செய்துவரும் கிராண்ட் பீட்டர்சன் இதற்காகவே பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்: பெரிய ஃபிரேமில் தலைக்குழாய் நீளம், அதனால் கை தானாக உயரும் என்பது அவர் கட்சி. நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான், ஒரு நிபந்தனையோடு. நிற்கும் இடைவெளியும் எட்டும் தூரமும் இடம் கொடுத்தால் பெரியது. ரீச் கூடிவிடும் என்றால் சின்னது. சின்னதைக் கொடுத்துவிட்டுச் சீட்டுக் கம்பியில் பொறித்திருக்கும் கடைசிக் கோட்டுக்கும் மேலே ஏற்றிவிடுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ஃபிரேமே விரிசல் விடக்கூடும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. பயணத்துக்கென்றே செய்த வண்டி விலை அதிகம் என்பதால், ஹைபிரிட் வண்டியை வாங்கி, அதன் நேர் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு வளைந்த டிராப்பார் போட்டுத் தரச் சொல்கிறார்கள். நீங்களும் போட்டுத் தருகிறீர்கள். நேர் ஹேண்டில்பாருக்காக வரைந்த ஃபிரேமின் மேல்பார் ஏற்கெனவே நீளம். டிராப்பார் போட்டதும் கை பிடிக்கும் இடம் இன்னும் முன்னால் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எந்த ஸ்டெம் போட்டாலும் முழுதாகச் சரியாகாது. கழற்றும் முன்பு அவரிடம் இதைச் சொல்லுங்கள். நேர் ஹேண்டில்பாரிலேயே இரண்டு முனையிலும் கொம்பு பொருத்தினால் கைக்கு மாற்றுப்பிடி கிடைத்துவிடும், செலவும் குறைவு.

குள்ளமானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. ஆண்களுடையது 165 அளவில். உங்கள் கடையில் வரிசையாக நிற்கும் தூரப்பயண வண்டிகளை இந்த இரண்டு எண்களோடு ஒத்துப்பாருங்கள். நம் ஊரின் சராசரிப் பெண்ணுக்கு அங்கே எத்தனை வண்டி இருக்கிறது? பல மாடல்களின் மிகச் சிறிய அளவே அவருக்குப் பெரிது. அவர் விதிவிலக்கு இல்லை. அவரைப்போல உயரமுள்ளவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் ‘உங்க ஹைட்டுக்குக் கிடைக்காதும்மா’ என்று சொல்லிக் குழந்தைகள் சைக்கிள் பக்கம் கைகாட்டுகிறோம்.

இது தீர்க்க முடியாத சிக்கல் என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜீனா டெரி என்ற பொறியாளர் 1985லேயே பெண்களுக்கென்று சைக்கிள் கம்பெனி தொடங்கினார். சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால் வளைவில் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க, முன்னால் மட்டும் 24 அங்குலச் சக்கரம் போட்டார். பின்னாளில் பயணக்காரர்கள் பெரிதும் நம்பிய சர்லி லாங் ஹால் டிரக்கர் 42 சென்டிமீட்டர் ஃபிரேமிலிருந்தே வந்தது. சின்ன அளவுகளுக்கு 26 அங்குலச் சக்கரம், பெரிய அளவுகளுக்கு 700சி. ஆளின் அளவுக்கேற்பச் சக்கரமும் சுருங்கியது. நம் ஊரில் 26 அங்குல டயரும் ட்யூபும் கிராமத்துக் கடையில்கூடக் கிடைக்கும். நல்ல 26 அங்குலச் சின்ன ஃபிரேம் வண்டியைப் ‘பழைய மாடல்’ என்று ஓரங்கட்டாமல், குள்ளமான பயணக்காரருக்கு அதைக் காட்டுங்கள். முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியாகப் பார்த்துக் கொடுங்கள். பெடல் கிராங்க் 170க்குப் பதில் 165 கிடைத்தால் இன்னும் நன்று.

மெக்கானிக் அண்ணன்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வண்டி பூட்டும்போது ஃபோர்க்கின் மேல்குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உடனே அறுத்துவிடாதீர்கள். அறுத்த குழாய் வளராது. அந்தச் சில சென்டிமீட்டர்களில் வளையங்களை அடுக்கித்தான் ஹேண்டில்பாரை உயர்த்த முடியும். வாங்கியவர் இரண்டு மாதம் ஓட்டட்டும், கை, கழுத்து எந்த உயரத்தில் நிம்மதியாக இருக்கிறது என்று தெரியட்டும், பிறகு அறுங்கள். ஸ்டெம் தூரமாக இருக்கிறது என்று ஒருவர் வந்தால் சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்து அனுப்பாதீர்கள். சீட்டின் முன்பின் இடம் முழங்காலுக்காக; கைக்காக அதைத் தொடக் கூடாது. 60, 70, 80, 90 மில்லிமீட்டரில் நாலைந்து ஸ்டெம்களைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பழையதை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுங்கள். கூலி கேளுங்கள், கொடுப்பார்கள். நோகாமல் போய்வந்த ஆள் அடுத்த பத்துப் பேரை உங்களிடம் அனுப்புவார்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே மாடலை நாலு அளவில் வாங்கி நிறுத்தினால் பணம் முடங்கும். கம்பெனி எதை அனுப்புகிறதோ அதைத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் எம்மும் எல்லுமாக வருகிறது. வட்டிக்கு வாங்கிய சரக்கை மழைக்காலத்துக்குள் தள்ளியாக வேண்டும். இன்டர்நெட்டில் விலை குறைத்து விற்கிறவர்களோடு போட்டி வேறு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இன்டர்நெட்டில் விற்கிறவரால் செய்ய முடியாத ஒரே காரியம் ஆளை நிறுத்தி அளவெடுப்பது. உங்கள் கடைக்கு மட்டுமே இருக்கும் பலம் அது. அதையும் விட்டுவிட்டால் வாடிக்கையாளர் உங்கள் படியேறி வர என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

கம்பெனியையும் நீங்கள் கேட்கலாம். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரில் வளர்ந்த கம்பெனி. இந்தத் தொழில் நமக்கு அந்நியமில்லை. தனித்தனியாகக் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஊருக்கு ஊர் வியாபாரிகள் சேர்ந்து, “சின்ன அளவு இத்தனை வேண்டும், இல்லையென்றால் இந்த மாடலை எடுக்க மாட்டோம்” என்று எழுத்தில் கொடுங்கள். கடைக்காரரின் ஆர்டருக்குத்தான் கம்பெனி அசையும். ஓட்டுகிறவர்கள் நாங்கள் எவ்வளவு கத்தினாலும் அது அசையாது. ஒரு மாவட்டத்தில் நாலைந்து கடைகள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் சின்ன அளவு, ஒருவர் பெரிய அளவு என்று பிரித்து இருப்பு வைத்து, ஆளை மாற்றி அனுப்பிக்கொண்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தூரம் போகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், விலை பேசும் முன்பு அவர் உள்காலை அளந்து ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வண்டியின் ஸ்டாக்கையும் ரீச்சையும் விலைச்சீட்டில் எழுதுங்கள். தெருவில் ஒரு சுற்று போதாது. அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், வேண்டுமானால் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் குழாயை அறுக்காமல் கொடுங்கள். அவருக்கான அளவு கடையில் இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, பத்து நாளோ இருபது நாளோ, வரவழைத்துக் கொடுங்கள். காத்திருப்பார்கள். நீங்கள் ஏன் காக்க வைக்கிறீர்கள் என்று காரணம் சொன்னால் நிச்சயமாகக் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் வாங்கிய வண்டிகளில் ஊர் சுற்றும் ஒருவன்